பழைய கேமிங் கொம்பியூட்டருக்குப் புதுப் பாகமா, ஓவர்க்ளொக்கா? வன்னி வெயிலில் இருந்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்கு, கூரைக்குச் சீற் போட்ட அறைக்குள், கொம்பியூட்டர் மேசையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பாருங்கள். 35 பாகை காட்டும். சில நாளில் அதற்கும் மேல். ஓவர்க்ளொக், அதாவது சிப்பை நிறுவனம் வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது, பற்றி நாங்கள் பார்க்கும் காணொளிகளில் அநேகமானவை 20, 22 பாகைக் குளிர் அறைகளில் எடுத்தவை. கூலர் செய்யும் வேலை ஒன்றுதான்: கொம்பியூட்டரின் மூளையான புரொசசரின் சூட்டை அறைக் காற்றுக்குக் கடத்துவது. அறைக் காற்றின் சூட்டுக்குக் கீழே அதனால் எதையும் கொண்டுபோக முடியாது. 21 பாகை அறையில் 68 பாகையில் நிற்கும் புரொசசர், அதே கூலரோடு எங்கள் அறையில் 82 பாகையில் நிற்கும். ஓவர்க்ளொக் தொடங்கு முன்னரே 14 பாகை போய்விட்டது.

அதனால் கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ இருந்து ஒரு தம்பி 'அண்ணை, கேம் இழுபடுது, ஓவர்க்ளொக் பண்ணவா, காட் மாத்தவா?' என்று கேட்டால் (காட் என்பது திரைக்குப் படம் ஆக்கும் கிராபிக்ஸ் காட்), இரண்டுக்கும் உடனே பதில் சொல்ல மாட்டேன். சூட்டையும் கறண்டையும் பார்த்துவிட்டுத்தான் மற்றது. கீழே உள்ள ஒழுங்கில் போனால் பாதிப் பேருக்கு காசு செலவில்லாமலே விடை வந்துவிடும்.

1. துப்புரவு

சோளகம் அடிக்கும் மாதங்களில் செம்மண் தூசு, காலபோக அறுவடையில் வயல் தூசு. ஏ9 வீதிக்கோ கிரவல் வீதிக்கோ அருகில் வீடென்றால் வருடம் முழுவதும் தூசு. இது கூலரின் தகடுகளுக்கும் விசிறிக்கும் இடையே கம்பளிபோல் படியும். வெளியே இருந்து பார்த்தால் விசிறி நன்றாகச் சுற்றும். உள்ளே காற்றுப் போகாது.

மல்லாவிப் பக்கம் இருந்து ஒரு தம்பி ஐ5-4460 புரொசசரும் ஜிடிஎக்ஸ் 1060 காட்டும் உள்ள கொம்பியூட்டரைக் கொண்டு வந்தார். கேம் தொடங்கிக் கால் மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு இழுபடும். 'கால் மணி நேரம்' என்ற சொல்லே நோயைச் சொல்லிவிட்டது. புரொசசர் 98 பாகையில் நின்றது. அந்தப் புரொசசருக்கு எல்லை 100 பாகை. அதை நெருங்கியதும் தன்னைக் காப்பாற்றத் தானே வேகத்தைக் குறைக்கும். கூலரைக் கழற்றினால், புரொசசருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புபோல் உதிர்ந்தது; தகடுகளுக்குள் ஒரு பல்லி செத்துக் கிடந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் போட்ட பிறகு 74 பாகை. தம்பி காட் வாங்க வைத்திருந்த காசோடு வீட்டுக்குப் போனார்.

செய்யும் முறை இது. பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். கேசிங்கை வெளியே விறாந்தைக்குக் கொண்டு போங்கள். மென்மையான தூரிகையும் சிறிய புளோவரும் போதும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுற்றவிட்டால் அச்சு பழுதாகும். ரயர் கடைக் கொம்பிரசருக்குக் கொண்டு போக வேண்டாம். அந்தக் காற்றில் தண்ணீரும் எண்ணெயும் கலந்து வரும், அழுத்தமும் அதிகம். கூலரைக் கழற்றி, பழைய பேஸ்ட்டை ஐசோபுரோபைல் அல்ககோல் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் ஒரு பயற்றம் பருப்பளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். நான்கைந்து வருடம் பழைய கிராபிக்ஸ் காட் என்றால் அதற்கும் இதே வேலைதான், ஆனால் அதன் விசிறி வயர்கள் மிக மெல்லியவை. அவசரப்பட்டு இழுக்கக் கூடாது.

பவர் சப்ளையை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதன் பெரிய மின்தேக்கிகளில் ஆளைக் கொல்லக்கூடிய மின்னழுத்தம் தங்கியிருக்கும். வெளியே இருந்து ஊதினால் போதும். காட் இல்லாத இடங்களில் பின்பக்கத் தகடுகள் கழன்றிருந்தால் மூடுங்கள். பல்லியும் எறும்பும் அந்த வழியால்தான் வரும்.

2. கறண்ட்

எங்கள் மின்சாரம் பெயருக்கு 230 வோல்ட். பின்னேரம் சுற்றுவட்டாரத்தில் எல்லாத் தண்ணீர் மோட்டர்களும் ஓடும்போது பல வீடுகளில் விளக்கே மங்கும். உங்கள் பவர் சப்ளையின் பின்பக்கம் 115, 230 என்று எழுதிய சிறிய சிவப்பு ஆளி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பழைய வகை. மின்னழுத்தம் இறங்கினால் தடுமாறும். 100 முதல் 240 வோல்ட் வரை என்று எழுதியிருந்தால் ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும்.

கேம் ஓடும்போது கொம்பியூட்டர் திடீரென அணைந்து எழும்பினால், விண்டோசின் ஈவன்ட் வியூவரில் 'கேர்னல்-பவர் 41' என்ற பதிவைத் தேடுங்கள். நீலத்திரைக் குறியீடு எதுவும் இல்லாமல் அது மட்டும் திரும்பத் திரும்ப இருந்தால், பவர் சப்ளையையோ வீட்டு மின்சாரத்தையோ முதலில் சந்தேகியுங்கள். இந்த நிலையில் ஓவர்க்ளொக் பண்ணுவது, மூச்சு வாங்கும் மாட்டில் இன்னொரு மூட்டை ஏற்றுவது.

கறண்ட் போனால் பற்றரியில் தாங்கும் யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 650 விஏ என்று எழுதிய யூபிஎஸ் உண்மையில் தரக்கூடியது ஏறத்தாழ 360 முதல் 390 வாட். ஐ5-4460 84 வாட், ஆர்எக்ஸ் 580 காட் 185 வாட், மதர்போட், டிஸ்க், திரை எல்லாம் சேர்ந்து 330 வாட்டுக்குக் கிட்ட வந்துவிடும். இதற்கு மேல் காட்டை ஓவர்க்ளொக் பண்ணி அது இன்னும் 60, 70 வாட் கேட்டால், கறண்ட் போகும் அந்த நொடியில் யூபிஎஸ் கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும். யூபிஎஸ் இருந்தும் இல்லாத மாதிரி.

எர்த் உள்ள மூன்று பின் பிளக், இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றி வைப்பது: இவை எல்லாருக்கும் தெரிந்தவை. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் தவறாமல் செய்யுங்கள்.

3. எது பின்னுக்கு இழுக்கிறது என்று அளப்பது

இரண்டு இலவச மென்பொருட்கள் போதும். எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர், அதோடு வரும் ரிவாடியூனர். கேமின் மூலையில் பிரேம் எண்ணிக்கை (விநாடிக்கு எத்தனை படம்), காட்டின் பயன்பாடு, புரொசசரின் ஒவ்வொரு கோரின் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) பயன்பாடு, ராம், வெப்பநிலை எல்லாவற்றையும் காட்டச் செய்யலாம். நீங்கள் வழமையாக விளையாடும் கேமை அரை மணி நேரம் ஓடவிட்டு எண்களை எழுதுங்கள். பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை.

காட்டின் பயன்பாடு 95 வீதத்துக்கு மேலேயே நின்றால் மட்டுப்படுத்துவது காட். 60, 70 வீதத்தில் நின்றும் பிரேம் குறைவென்றால் புரொசசர் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் நிற்கிறது. இங்கே பலர் ஏமாறுவது, புரொசசரின் மொத்தப் பயன்பாடு 50 வீதம்தான் என்று பார்த்து அதில் குறையில்லை என்று நினைப்பதில். கேமின் முக்கியமான வேலை ஒன்றிரண்டு கோர்களிலேயே தங்கியிருக்கும். அந்தக் கோர் 100 வீதத்தில் திணறும்போது மற்றவை சும்மா இருக்கும், சராசரி 50 என்று காட்டும்.

சந்தேகம் தீர ஒரு சோதனை உண்டு. 1080 இலிருந்து 720க்குத் திரைத் துல்லியத்தைக் குறையுங்கள். பிரேம் நன்றாக ஏறினால் காட்தான் சுமை. ஏறாமல் அப்படியே நின்றால் புரொசசர் அல்லது ராம்.

புது இடத்துக்குள் நுழையும்போது மட்டும் ஒரு விநாடி உறைந்து நின்றால் அநேகமாகப் பழைய ஹார்ட் டிஸ்க். எதிரி திடீரென்று ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பாய்ந்தால், பிரேம் எண்ணிக்கை குறையாமலே, அது இணைய இணைப்பின் குறை. அதற்கு எந்தக் காட்டும் மருந்தில்லை. இதைச் சொல்லாமல் காட் விற்கும் ஆட்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

4. காசில்லாத வேகம்

பயோசுக்குள் (மதர்போட்டின் சொந்த அமைப்புத் திரை) போய் ராமின் வேகத்தைப் பாருங்கள். 3200 என்று வாங்கிய டிடிஆர்4 ராம், எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால் பெரும்பாலும் 2133 அல்லது 2400 இலேயே ஓடிக்கொண்டிருக்கும். வாங்கிய நாள் முதல் அப்படியே ஓடியவை பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ரைசன் புரொசசர்களுக்கு இது நன்றாக உறைக்கும். ஒற்றை ராம் மட்டும் போட்டிருந்தால் இன்னொன்றைச் சேர்த்து இரட்டைத் தடமாக்குவதும் புரொசசர் திணறும் கேம்களில் தெரியும் மாற்றம் தரும்.

அடுத்தது, வன்னிக்கு ஓவர்க்ளொக்கை விடப் பயனுள்ள வித்தை என்று நான் நம்புவது: அண்டர்வோல்ட். ஒவ்வொரு சிப்பும் கொஞ்சம் வித்தியாசமானது. எல்லாச் சிப்பும் தவறாமல் ஓட வேண்டும் என்று நிறுவனம் தேவைக்குச் சற்று அதிகமான வோல்ட்டை வைத்துத்தான் அனுப்பும். அந்த மிச்சத்தைக் குறைத்தால் வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்க, சூடும் கறண்டும் குறையும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. சிப் எடுக்கும் சக்தி வேகத்தோடு நேராக ஏறும், வோல்ட்டின் வர்க்கத்தோடு ஏறும். வேகத்தை 10 வீதம் கூட்ட வோல்ட்டையும் 10 வீதம் கூட்ட நேர்ந்தால் சக்தி 33 வீதம் ஏறும். வேகத்தைத் தொடாமல் வோல்ட்டை மட்டும் 10 வீதம் குறைத்தால் 19 வீதம் இறங்கும்.

ஆஃப்டர்பேர்னரில் கன்ட்ரோலோடு எஃப் அழுத்தினால் வோல்ட், வேக வளைகோடு திறக்கும். ஜிடிஎக்ஸ் 1060 என்றால் 0.9 வோல்ட்டில் 1800 மெகாஹேர்ட்ஸ் என்று தொடங்கிப் பாருங்கள். அதற்கு வலப்பக்கம் உள்ள கோட்டைத் தட்டையாக்கிவிடுங்கள். கேம் விழுந்தால் (தானாக நின்றால்) வேகத்தை 25, 25 ஆகக் குறையுங்கள். இந்தத் தலைமுறைக் காட்கள் 83 பாகையைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைப்பவை. அதனால் எங்கள் பகல் வெயிலில் அண்டர்வோல்ட் செய்த காட், செய்யாத காட்டை விட வேகமாகவே ஓடக்கூடும்.

திரை 60 ஹேர்ட்ஸ் (விநாடிக்கு 60 படம் காட்டுவது) என்றால் ரிவாடியூனரில் பிரேமை 60க்கு மட்டுப்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத 110 பிரேமை ஆக்கி, அதன் சூட்டை அறைக்குள் விடுவதில் பயனில்லை. 80 வாட் மிச்சம் பிடித்தால், தினம் 4 மணி நேரக் கணக்கில், மாதம் 9.6 அலகு. அலகு கூடக் கூட விலையும் படியேறும் எங்கள் மின்பட்டியலில் வீட்டுக்காரருக்கு அது தெரியும்.

5. ஓவர்க்ளொக் உங்களால் முடியுமா?

அநேகம் பேருக்கு முடியாது, அதை அறியாமலே நாள் கணக்கில் தேடுகிறார்கள். இன்டெல்லில் பெயரின் முடிவில் 'கே' என்ற எழுத்துள்ள புரொசசரும், இசட் வரிசை மதர்போட்டும் இரண்டும் வேண்டும். ஐ5-4690கே, இசட்97 மதர்போட்டில் ஏறும். ஐ5-4460 எதிலும் ஏறாது. ரைசனில் பெரும்பாலான புரொசசர்கள் திறந்தவை. பி350, பி450, எக்ஸ்470 மதர்போட்கள் இடம் கொடுக்கும். ஏ320, ஏ520 கொடுக்காது.

எங்கள் பக்கத்தில் கேமிங் கொம்பியூட்டர் என்று ஓடுபவற்றில் நிறைய, வெளிநாட்டு அலுவலகங்களில் கழித்து வந்த கொம்பியூட்டருக்குள் ஒரு காட் போட்டவை. அவற்றில் ஓவர்க்ளொக் என்ற கேள்வியே இல்லை. டெல், ஹெச்பி அலுவலகக் கொம்பியூட்டர்கள் பலவற்றில் பவர் சப்ளையின் இணைப்பும் வழமையான 24 பின் அல்ல. வேறு பவர் சப்ளை போட ஒரு மாற்று வயர் தேவைப்படும். மெலிந்த கேசிங் என்றால் உயரம் குறைந்த காட் மட்டுமே நுழையும். பெரும்பாலும் தனிப் பவர் வயர் கேட்காத, 75 வாட்டுக்குள் அடங்கும் ஜிடிஎக்ஸ் 1650 அதற்குப் பொருத்தம். வாங்கு முன் காட்டில் பவர் இணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்; அந்தப் பெயரில் இரண்டு விதமும் உண்டு.

முடியும் என்றால், எப்போது செய்யலாம்? புரொசசர்தான் தடை என்று அளந்து தெரிந்திருக்க வேண்டும். பகல் இரண்டு மணிக்கு, முழுச் சுமையில், 75 பாகைக்குக் கீழே நிற்க வேண்டும். பவர் சப்ளை நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் செய்யுங்கள், ஆனால் எதிர்பார்ப்பை அளவோடு வையுங்கள். 4.0 கிகாஹேர்ட்ஸ் 4.4 ஆனால் 10 வீதம். 50 பிரேம் கிடைத்த இடத்தில் அதிகபட்சம் 55.

பயோசில் பெருக்கியை (புரொசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் எண்) ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். படிக்கொருமுறை 15 நிமிடச் சுமைச் சோதனை. விழும்போது மட்டும் வோல்ட்டைச் சிறிது கூட்டுங்கள். இன்டெல் நான்காம் தலைமுறைக்கு (ஐ5-4690கே போல எண் 4 இல் தொடங்குபவை) எங்கள் சூட்டில் 1.25 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். முதல் தலைமுறை ரைசனுக்கு 1.35. 85 பாகையைத் தொட்டால் ஒரு படி கீழே வாருங்கள். கடைசிச் சோதனையை இரவில் செய்து திருப்திப்பட வேண்டாம். இரவில் உறுதியாக நின்றது அடுத்த நாள் மதியம் விழும். மதியம் நின்றால்தான் நின்றது.

6. காசு செலவழிப்பதென்றால்

ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் இருந்தால் முதல் காசு, சுழலும் தட்டு இல்லாத வேக டிஸ்க்கான எஸ்எஸ்டிக்கு. பழைய ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 150 மெகாபைட்டைத் தொடவே திணறும் இடத்தில் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500க்கு மேல் தரும். பிரேம் ஏறாது, உறைந்து நிற்பது போகும். 8 ஜிபி ராம் இன்றைய கேம்களுக்குப் போதாது, 16 வேண்டும்.

அடுத்தது, பலர் கவனிக்காத நல்ல வழி: அதே மதர்போட்டில் ஏறக்கூடிய உச்சப் புரொசசர். ரைசனுக்கான ஏஎம்4 வகை மதர்போட் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 2017இல் வந்த ரைசன் 5 1600 இருந்த அதே பி350 மதர்போட்டில், பயோசைப் புதுப்பித்தால், பெரும்பாலும் 2022இல் வந்த ரைசன் 5 5600 ஏறும். மதர்போட் நிறுவனத்தின் தளத்தில் ஆதரவுப் பட்டியலைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இந்த மாற்றம் தரும் வேகத்துக்கு எந்த ஓவர்க்ளொக்கும் கிட்டவும் வராது. சூட்டில் பெரிய மாற்றமில்லை, இரண்டுமே 65 வாட். பழைய டிடிஆர்4 ராமும் அப்படியே பயன்படும். 2025 கடைசியில் உலகம் முழுவதும் ராம் விலை ஏறியதற்குப் பிறகு அது சின்ன இலாபம் அல்ல.

பயோஸ் புதுப்பிக்கும்போது யூபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். நடுவில் கறண்ட் போனால் மதர்போட் எழும்பாது. நான் அப்படி ஒரு நல்ல மதர்போட்டை இழந்திருக்கிறேன். இரண்டு நிமிட வேலைதானே என்று நினைத்தேன். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு ஞாயிறு பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதற்கு நாடு முழுவதும் இருண்டது. அறிவித்தல் கொடுத்துத்தான் கறண்ட் போகும் என்று நம்பியிருக்க முடியாது.

காட் மாற்றுவதென்றால் பவர் சப்ளையையும் சேர்த்தே விலை பாருங்கள். ஆர்எக்ஸ் 6600 132 வாட், ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட். நல்ல 500 வாட் பவர் சப்ளை இரண்டுக்கும் போதும். மலிவு என்று ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வாங்கிப் பழைய மதர்போட்டில் போட வேண்டாம். அது மதர்போட்டோடு பேச நான்கு தடங்கள் மட்டுமே கொண்ட காட். பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 மதர்போட்டில் அதன் வேகம் நன்றாக அடிபடும்.

பாவித்த காட் வாங்கும்போது நிதானம் வேண்டும். 2022 செப்டெம்பர் 15இல் எதீரியம் என்ற இணைய நாணயம், காட்களால் தோண்டி எடுக்கும் தன் முறையை மாற்றியதும், நாணயம் தோண்டிய காட்கள் உலகச் சந்தையில் கொட்டப்பட்டன. அவை இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தோண்டிய காட் எல்லாம் கூடாதென்றில்லை, ஆனால் விசிறியும் பேஸ்ட்டும் களைத்திருக்கும். கடையிலேயே 20 நிமிடம் கேம் ஓடவிட்டு, வெப்பநிலையும் திரையில் புள்ளிகள் வருகின்றனவா என்பதும் பாருங்கள். ஜிபியு-இசட் என்ற மென்பொருளைப் பென் டிரைவில் கொண்டு போங்கள். பழைய சிப்பின் பெயரை மாற்றி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று விற்கப்படும் போலிகளை அது காட்டிக்கொடுக்கும். ஆர்எக்ஸ் 580 என்றால் ஷேடர் (காட்டின் சிறு கணக்குப் பகுதி) எண்ணிக்கை 2304 இருக்க வேண்டும். 2048 என்றால் அது குறைந்த வகை, விலையும் குறைய வேண்டும்.

7. பழசிலேயே செலவழிப்பதை நிறுத்தும் இடம்

இன்டெல் இரண்டாம், மூன்றாம் தலைமுறை என்றால் புரொசசருக்கோ ராமுக்கோ இனி ஒரு சதமும் போடாதீர்கள். அவற்றில் ஏவிஎக்ஸ்2 கட்டளைகள் இல்லை. அவை இல்லாமல் திறக்காத புதுக் கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. நான்காம் தலைமுறையில் இருந்து அது உண்டு. அங்கே பாவித்த ஐ7-4790 மலிவாகக் கிடைத்தால் மட்டும் இன்னும் இரண்டொரு வருடம் இழுக்கலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக இன்டெல் எட்டாம் தலைமுறை, ரைசன் 2000 வரிசை தொடக்கமே ஏற்கும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் காட்களுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் வருவதும் 2025 ஒக்டோபரோடு நின்றது. பழைய கேம்கள் மட்டும் விளையாடுபவருக்கு இவை பெரிய இடையூறல்ல. புதுசு வேண்டுபவர் இந்தக் கொம்பியூட்டரைத் துப்புரவாக்கி, அண்டர்வோல்ட் செய்து, ஓடும்வரை ஓடவிட்டுக் காசைச் சேர்ப்பதே நல்லது. எஸ்எஸ்டி, நல்ல பவர் சப்ளை, காட் மூன்றும் அடுத்த கொம்பியூட்டருக்கும் போகும் சாமான்கள். வாங்குவதென்றால் அவற்றை இப்போதே வாங்கலாம்.

வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ வேலை முடித்துக் கேசிங்கை பஸ்ஸில் கொண்டு வருவதென்றால், காட்டைக் கழற்றித் தனியாக மடியில் வைத்திருங்கள். பெரிய கோபுரக் கூலர் என்றால் அதையும். குலுக்கலில் ஒரு கிலோ எடை மதர்போட்டில் தொங்கினால் இணைப்பு உடைந்துவிடும். கேசிங்கை மதர்போட் கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் பூட்டி, அரை மணி நேரம் அதே கேமை ஓடவிட்டு, மூன்றாம் படியில் எழுதிய தாளை எடுத்துப் பக்கத்தில் புது எண்களை எழுதுங்கள்.